பத்து நாளுக்கொரு தெளிப்பு எதற்கு? பூஞ்செடிகளில் அழுக்கணவன் பற்றி ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சென்ற இதழில், வீட்டுத்தோட்டப் பக்கத்தில், கோடைகாலப் பூஞ்செடிகளில் பிடிக்கும் அழுக்கணவனை, அதாவது தமிழ்நாட்டு வாசகர்கள் அசுவினி என்று சொல்லும் பூச்சியைக் கட்டுப்படுத்துவது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி, வேப்பெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அரைத்த உள்ளி, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்து, மே மாதக் கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரை, பூச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்து நாளுக்கு ஒருமுறை தெளித்துவர வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. எழுதியவரின் நல்ல நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சமூகத் தோட்டத்தின் பூப்பாத்திகளைப் பல வருடங்களாகக் கவனித்து வருபவள் என்ற முறையில், இந்த ஆலோசனை செடிக்கும் ஆகாது, இந்த ஊர்க் காலநிலைக்கும் ஒவ்வாது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்ரோரியா தின விடுமுறையோடு பூங்கன்றுகளை வெளியே நடப்போகிற வாசகர்கள் கட்டுரையை வெட்டி வைத்திருப்பார்கள் என்பதால் உடனே எழுதுகிறேன்.

கட்டுரையின் அடிப்படைக் குறை, அது ஊரில் மிளகாய்த் தோட்டத்துக்குச் சொல்லப்படும் அட்டவணையை அப்படியே ரொறன்ரோவின் பெற்றூனியாவுக்கும் சினியாவுக்கும் பொருத்திப் பார்ப்பதுதான். யாழ்ப்பாணத்திலோ தஞ்சாவூரிலோ அழுக்கணவனுக்கு ஓய்வுகாலம் என்று ஒன்று கிடையாது. ஆண் பூச்சியின் துணை இல்லாமலே பெண் பூச்சிகள் பெண் குஞ்சுகளை உயிரோடு ஈன்றுகொண்டு, வருடம் முழுவதும் ஒரு பயிரிலிருந்து இன்னொரு பயிருக்குத் தாவிக்கொண்டிருக்கும். இங்கே நிலைமை வேறு. ஓகஸ்ற் கடந்து பகல் நேரம் நன்றாகக் குறைந்ததும் அந்தக் கூட்டத்தில் ஆண்களும் முட்டையிடும் பெண்களும் தோன்றுகின்றன. அவை பூஞ்செடிகளை விட்டுவிட்டுத் தண்டு முற்றிய மரஞ்செடிகளுக்குப் பறந்து போய், மொட்டுகளின் இடுக்கில் கறுத்துப் பளபளக்கும் நுண்ணிய முட்டைகளை இடுகின்றன. பச்சைப் பீச் அழுக்கணவன் பீச், பிளம், செரி இன மரங்களில் இடும். நஸ்ரேர்ஷியத்தைக் கறுப்பாக மூடிவிடும் அவரைக் கறுப்பு அழுக்கணவன் யூயோனிமஸ், வைபர்னம் போன்ற வேலிச்செடிகளில் இடும். முழுவளர்ச்சி அடைந்த பூச்சி வெளியில் எங்கள் சனவரியைத் தாண்டாது. முட்டையோ சுழியத்துக்குக் கீழ் முப்பது பாகைக் குளிரையும் தாங்கிக்கொண்டு ஏப்ரல் வரை கிடக்கும்.

இதனால் நமக்குக் கிடைக்கிற அனுகூலத்தைக் கட்டுரையாளர் கணக்கில் எடுக்கவில்லை. பெற்றூனியா, பான்சி, கொஸ்மஸ், ஸ்னாப்டிராகன் ஆகியவற்றை இங்கே நாங்கள் வருடா வருடம் புதிதாக நடுகிறோம். குளிர்காலத்தோடு அவை போய்விடும். ஆகவே மே மாதத்தில் நாங்கள் நடும் பாத்தியில் பழைய அழுக்கணவன் எதுவும் காத்திருப்பதில்லை. அது வெளியிலிருந்துதான் வர வேண்டும். வேலிச்செடிகளில் முட்டை பொரித்து, அங்கேயே இரண்டு மூன்று தலைமுறை பெருகி, சிறகு முளைத்த பிறகு பறந்து வருவது ஒரு வழி. அதற்கு மே இறுதியோ யூன் நடுப்பகுதியோ ஆகிவிடும். மற்ற வழி எங்கள் கையாலேயே கொண்டுபோய் வைப்பது. தமிழர் வீடுகளில் இந்த இரண்டாவது வழிதான் பெரிய வழி என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் வீடுகளின் தெற்குப் பக்க யன்னலை நினைத்துப் பாருங்கள். செப்ரெம்பரில் உள்ளே தூக்கி வைத்த கறிவேப்பிலைச் சாடியும் மல்லிகைச் சாடியும் அங்கேதான் நிற்கும். போன கோடையில் காய்த்த கொச்சி மிளகாய்ச் செடியைப் பிடுங்க மனமில்லாமல் அதையும் பக்கத்தில் வைத்திருப்போம். வீட்டுக்குள் இருபது பாகைச் சூடு, மாலையில் மின்விளக்கு, மழையும் இல்லை, பொறிவண்டும் இல்லை. வெளியில் முட்டையாக உறங்க வேண்டிய பூச்சி, உள்ளே ஊரில் இருப்பதுபோலவே குளிர்காலம் முழுவதும் ஈன்றுகொண்டிருக்கிறது. பிறகு மார்ச்சில் அதே யன்னல்படியில், அந்த மிளகாய்ச் செடியின் இலை முட்டுகிற தூரத்தில், பெற்றூனியா விதையையும் ஸ்னாப்டிராகன் விதையையும் தட்டில் போடுகிறோம். மிளகாயைப் பிடிக்கும் பச்சைப் பீச் அழுக்கணவன் நூற்றுக்கணக்கான செடி இனங்களில் வாழக்கூடியது. நாங்கள் வளர்க்கும் பூங்கன்றுகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் அடங்கும். மே மாதம் அந்தத் தட்டை வெளியே எடுத்துச் சென்று நடும்போது, வேலிச்செடியிலிருந்து வரும் பூச்சிக்கு முன்னதாகவே எங்கள் பாத்தியில் குடியேற்றம் நடந்துவிடுகிறது.

ஆகவே தெளிப்பானை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்குமுன் சாடிகளை உள்ளே எடுக்கும்போது, ஒவ்வொரு செடியையும் குளியலறையில் சாய்த்து வைத்து, இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரால் நன்றாக அடித்துக் கழுவ வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரம் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். விதைத் தட்டுகளைக் குளிர்காலச் சாடிகள் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. வேறு இடம் இல்லாதவர்கள் பழைய மிளகாய்ச் செடியைப் பெப்ரவரியிலேயே துணிந்து வெட்டிவிடுவது நல்லது. மிளகாய்க் கன்று மே மாதத்தில் எந்தத் தமிழ்க் கடையிலும் வாங்கலாம்.

கடையில் வாங்கும் பூங்கன்றுகளும் இதற்கு விலக்கல்ல. கண்ணாடி வீட்டின் வெப்பத்தில் நெருக்கமாக வளர்ந்தவை அவை. வாங்குமுன் பூவைப் பார்ப்பதோடு நிற்காமல், கன்றைக் கண் மட்டத்துக்குத் தூக்கிக் குருத்தையும் மேலிருந்து மூன்றாவது நான்காவது இலையின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். இலையில் வெள்ளைத் தவிடு சிந்தியதுபோலக் கிடந்தால் அது தூசி அல்ல, அழுக்கணவன் உரித்துப்போட்ட தோல். வெண்ணிற ஈ என்றும், பூச்சியின் முட்டை என்றும் பலர் அதைத் தவறாக நினைப்பதுண்டு. தோல் இருக்கும் இடத்தில் பூச்சியும் இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர் நீளத்தில், பேரிக்காய் வடிவ உடலும், பின்புறத்தில் இரண்டு சிறு குழாய்களும் இருப்பதை ஒரு மலிவான பூதக்கண்ணாடியால் பார்த்துவிடலாம். எத்தனை அழகாகப் பூத்திருந்தாலும் அந்தக் கன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பதே புத்தி.

பசளை பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது. அழுக்கணவன் இலையைக் கடித்துத் தின்பதில்லை. சாற்றுக் குழாயில் ஊசிபோன்ற வாயைச் செருகி உறிஞ்சுகிறது. அந்தச் சாற்றில் சீனி தாராளமாகவும் நைதரசன் சேர்மங்கள் குறைவாகவும் இருக்கும். வளர்ச்சிக்கு வேண்டிய நைதரசனைப் பெறுவதற்காக அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்டு, மிஞ்சிய சீனியைத்தான் அது ஒட்டும் பிசினாகக் கழிக்கிறது. இலை பிசுபிசுப்பதும், அதன்மேல் கரும்பூசணம் படர்வதும், எறும்பு ஏறுவதும் அதனால்தான். இப்படி நைதரசனைத் தேடித் தவிக்கும் பூச்சிக்கு, வாரம் ஒருமுறை தண்ணீரில் கரையும் நீலத்தூள் பசளையைக் கரைத்து ஊற்றி, சாற்றில் நைதரசனை ஏற்றி, குருத்தையும் கொழுகொழுவென்று இளக்கிக் கொடுத்தால் அது பெருகாமல் என்ன செய்யும்? நடும்போது மெதுவாகக் கரையும் குறுணிப் பசளையை அளவோடு போட்டால் பாத்திச் செடிகளுக்கு அந்தக் கோடைக்குப் போதும். நஸ்ரேர்ஷியத்துக்கு அதுகூட வேண்டாம். மெலிந்த மண்ணில்தான் அது நன்றாகப் பூக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் யூனில் அழுக்கணவன் வரும். வரவே வராது என்று யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. இருபதிலிருந்து இருபத்தைந்து பாகை வரையான இதமான சூட்டில் ஒரு குஞ்சு ஏழிலிருந்து பத்து நாளுக்குள் தானே ஈனத் தொடங்கிவிடுகிறது. அது பிறக்கும்போதே அதன் வயிற்றில் அடுத்த தலைமுறை உருவாகத் தொடங்கியிருக்கும். ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் ஐம்பது முதல் நூறு குஞ்சுகள் வரை ஈனும். திங்கட்கிழமை நாலைந்து தெரிந்த குருத்தில் அடுத்த திங்கட்கிழமை தண்டே தெரியாமல் போவது இப்படித்தான். பயந்துபோய்த் தெளிப்பானைத் தேடுவதும் இந்த இடத்தில்தான்.

இந்தக் கட்டத்துக்கு ஏற்ற ஆயுதம் தோட்டக் குழாய். விடிகாலையில், ஒரு கையால் தண்டைப் பின்பக்கம் தாங்கிக்கொண்டு, மற்றக் கையால் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, இலையின் அடிப்பக்கம் படும்படி விசையாக அடிக்க வேண்டும். சாற்றுக் குழாயில் வாயைச் செருகியிருக்கும் பூச்சி இப்படிப் பிய்த்தெறியப்படும்போது பெரும்பாலும் வாய் ஒடிந்துபோகிறது. விழுந்தவற்றில் மிகச் சிலவே மறுபடி ஏறி வரும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் சிலமுறை செய்தால் கூட்டம் குலைந்துவிடும். காலையில் செய்வதற்குக் காரணம், வெயில் ஏறுமுன் இலை உலர்ந்து பூசணம் பிடிக்காமல் இருப்பதற்காக. பெற்றூனியாப் பூ நைந்துபோகும் என்று தயங்குபவர்கள் குருத்து நுனியைக் கிள்ளிச் சவர்க்காரத் தண்ணீருள்ள வாளியில் போடலாம். பெற்றூனியாவைக் கிள்ளினால் பக்கக்கிளை விட்டு மேலும் அடர்ந்து பூக்குமே தவிரக் கெட்டுப்போகாது.

யூன் நடுப்பகுதி தாண்டியதும் வேறொரு காரியம் நடக்கத் தொடங்கும். பத்து நாளுக்கொரு தெளிப்பு கெடுப்பதும் அதைத்தான். அழுக்கணவனைத் தின்னும் பூச்சிகள் அழுக்கணவன் பெருகிய பிறகே வரும். முதலில் வர அவற்றுக்கு இங்கே தின்ன எதுவும் இருப்பதில்லை. இரண்டு மூன்று வாரம் அவை பிந்துகின்றன. அந்த இடைவெளியில் பொறுமை இழந்து தெளித்தால் அழுக்கணவனில் பாதி சாகும், வந்து சேர்ந்த பொறிவண்டுக் குஞ்சுகளும் ஈப் புழுக்களும் அதோடு சாகும். மீந்த அழுக்கணவன் ஒரு வாரத்தில் பழைய தொகைக்குத் திரும்பிவிடும். பொறிவண்டு முட்டையிட்டு, பொரித்து, அடுத்த தலைமுறை உருவாக ஒரு மாதம் வேண்டும். அட்டவணை போட்டுத் தெளிக்கும் தோட்டங்களில் ஓகஸ்ற் வரையும் அழுக்கணவன் குறையாமல் நிற்பதும், அது கண்டு தோட்டக்காரர் மேலும் தெளிப்பதும் இந்தக் கணக்கால்தான்.

பொறிவண்டின் குஞ்சை எங்கள் ஆட்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. வளர்ந்த வண்டு சிவப்பு முதுகும் கறுத்தப் புள்ளியுமாக அழகாக இருப்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. குஞ்சோ கறுத்து நீண்டு, முதுகில் முள்ளும் செம்மஞ்சள் திட்டும் கொண்டு, சின்ன முதலை ஊர்வதுபோல் இருக்கும். ‘செடியை அரிக்கிற பூச்சியைப் பிடித்துவிட்டேன்’ என்று அதையே போத்தலில் அடைத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டியவர்கள் உண்டு. வண்டாக மாறுமுன் அந்த ஒரு குஞ்சு நூற்றுக்கணக்கான அழுக்கணவனைத் தின்றுவிடும். தேனீபோல மஞ்சள் கோடு போட்டு, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஈயின் புழுவும் அப்படியே. காலும் தலையும் தெரியாத பச்சை நத்தைபோல இலையோடு ஒட்டிக்கிடந்து கூட்டத்தின் நடுவிலேயே மேயும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. அது அழுக்கணவனின் உடலுக்குள் ஒரு முட்டையைச் செலுத்திவிட்டுப் போய்விடும். சில நாளில் அந்த அழுக்கணவன் உப்பி, வெண்கல நிறத்தில் காகிதம்போல் காய்ந்து, இலையில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் முதுகில் வட்டமாக வெட்டிய ஒரு துவாரம் தெரிந்தால் உள்ளே வளர்ந்த குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். பாத்தியில் இப்படிக் காய்ந்தவை பரவலாகத் தென்பட்டால் அந்தப் பாத்தியில் மேற்கொண்டு எதையும் தெளிக்கக்கூடாது.

இவற்றை வரவழைப்பதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. சில கடைகளில் பையில் அடைத்து விற்கும் பொறிவண்டுகள் பெரும்பாலும் கலிபோர்னியா மலைகளில் குளிர்கால உறக்கத்தில் இருக்கும்போது அள்ளி எடுக்கப்பட்டவை. திறந்துவிட்ட ஓரிரு நாளில் அவற்றில் அநேகம் பறந்துபோய்விடும். அதற்குப் பதிலாக யூன் வெயிலில் பூத்துவிட்டதே என்று நாங்கள் பிடுங்கி எறியும் கொத்தமல்லியை அப்படியே விட்டுவிட்டாலே போதும். கொத்தமல்லி, சதகுப்பை, ஸ்வீற் அலிசம் ஆகியவற்றின் சிறு பூக்களில்தான் அந்தக் கோடு போட்ட ஈக்களும் குளவிகளும் தேன் குடிக்கும். பாத்தியின் ஓரத்தில் நான்கு கொத்தமல்லி பூத்து நிற்பது பார்வைக்கு ஒழுங்கில்லாமல் இருக்கலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். எறும்பைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இனிப்புப் பிசினுக்காக எறும்பு அழுக்கணவனைக் காவல் காத்து, அதைத் தின்ன வருபவற்றை விரட்டும். சாடிச் செடியானால் சாடியின் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து எறும்பின் வழியை மறிக்கலாம்.

இனிக் கட்டுரையில் சொல்லப்பட்ட கலவைக்கு வருகிறேன். பாத்திரம் கழுவும் திரவம் வேதியியல்படி சவர்க்காரமே அல்ல. எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பதற்காகச் செய்யப்பட்ட செயற்கைக் கழுவுபொருள். சட்டியில் எண்ணெயைப் பிரிப்பதுபோலவே அது இலையின் மெழுகுப் பூச்சையும் உரிக்கும். மெழுகு போன இலை வெயிலில் காய்ந்து விளிம்பு கருகும். அதைப் பூச்சியின் சேதம் என்று நினைத்து மறுபடியும் தெளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதற்கென்றே விற்கப்படும் பூச்சிநாசினிச் சவர்க்காரம் கொழுப்பமிலங்களின் பொட்டாசியம் உப்பு. லேபிளில் சொன்ன அளவில் கரைத்தால் அது வழக்கமாக நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு வீதச் செறிவுக்கு வரும். லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி என்பது மூன்று வீதம். அதையும் வாசகர்கள் கையிருப்பில் உள்ள ஏதாவது ஒரு திரவத்தில், மே முதல் செப்ரெம்பர் வரை, பத்துக்கு மேற்பட்ட தடவை தெளிக்க வேண்டும் என்றால் எந்தச் செடி தாங்கும்?

உண்மையான பூச்சிநாசினிச் சவர்க்காரத்துக்கும் வரையறை உண்டு. ஈரமாக இருக்கும்போது பூச்சியின் உடலில் நேராகப் பட்டால் மட்டுமே அது கொல்லும். காய்ந்த பிறகு இலையில் எந்த வேலையும் செய்யாது. ஆகவே பூச்சி இல்லாதபோது ‘முன்காப்பாக’ அடிப்பது வீண் செலவு. வெப்பம் முப்பது பாகையை நெருங்கும் நாளிலும், தண்ணீரில்லாமல் வாடிய செடியிலும் அடிக்கக்கூடாது. ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் எங்கள் குழாய்த் தண்ணீர் ஓரளவு கடினமானது. அதிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தைத் திரிய வைத்துவிடுவதால், மழைத்தண்ணீரில் கரைப்பது மேல். இன்னொன்று, கட்டுரையில் முதல் உதாரணமாகக் காட்டப்பட்ட நஸ்ரேர்ஷியமும், அதோடு ஸ்வீற் பீயும், சவர்க்காரத் தெளிப்பைத் தாங்காத செடிகளின் வரிசையில் வருபவை. அழுக்கணவன் மிக விரும்பும் செடிக்கே இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. எந்தச் செடியானாலும் இரண்டு மூன்று இலையில் அடித்து, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டே மீதிக்கு அடிக்க வேண்டும்.

வேப்பெண்ணெய் மீது எங்களுக்குள்ள பற்று எனக்குப் புரியாததல்ல. ஆனால் கனடாவில் ஒரு பொருளைப் பூச்சிநாசினியாகப் பயன்படுத்த வேண்டுமானால், அது கனடிய சுகாதாரத் திணைக்களத்தின் கீழுள்ள பீடைநாசினி ஒழுங்குமுறை நிறுவனத்தில் பதிவாகி, லேபிளில் பி.சி.பி. (பீடைக் கட்டுப்பாட்டுப் பொருள்) பதிவு எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும். தமிழ்க் கடையில் தலைக்கும் விளக்குக்கும் என்று விற்கப்படும் வேப்பெண்ணெயிலோ, இலைக்குப் பளபளப்பூட்டும் திரவம் என்ற பெயரில் வரும் போத்தலிலோ அந்த எண் இல்லையென்றால், அதைப் பூச்சிக்கு அடிக்கும்படி ஒரு பத்திரிகை எழுதுவது சரியல்ல. கட்டுரையின் கடைசிப் பத்தியில், ‘இதற்கும் கட்டுப்படாவிட்டால் ஊரிலிருந்து வருபவர்களிடம் மருந்து சொல்லி எடுப்பிக்கலாம்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோதுதான் இந்தக் கடிதத்தை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல், அழகுக்காக வளர்க்கும் புல்வெளிகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் இரசாயனப் பூச்சிநாசினிகளின் பாவனை மாகாணச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஊரில் பெயர்போன மலத்தியனும், கார்பரிலும், இமிடாகுளோபிரிட்டும் அந்தத் தடையில் அடங்கும். ரொறன்ரோ மாநகரம் அதற்கும் ஐந்து வருடம் முன்னதாகவே, 2004இல், தன் சொந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. கியூபெக்கில் ஹட்சன் என்ற சிறிய ஊர் 1991இல் போட்ட தடையைப் புல்வெளி மருந்தடிக்கும் நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடி, 2001இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்ததே இவற்றுக்கெல்லாம் வழிதிறந்தது. பூச்சிநாசினிச் சவர்க்காரம், தோட்ட எண்ணெய் போன்ற ஆபத்துக் குறைந்தவை மட்டும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ளன. மற்றொரு நாட்டில் விற்கும், இங்கே பதிவில்லாத மருந்தைப் பெட்டியில் கொண்டுவந்து அடிப்பது சட்டப்படியும் குற்றம், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடி விளையாடும் வேலியோரத்தில் அடிப்பது அறத்தின்படியும் குற்றம். இமிடாகுளோபிரிட் போன்றவை செடியின் சாற்றோடு கலந்து பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போகும் என்பதால், கன்று வாங்கும்போதே அது அவ்வகை மருந்து இடப்பட்டதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

அடுக்குமாடிகளில் பல்கணியில் பூச்சாடி வைத்திருக்கும் வாசகர்களுக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, கட்டுரையும் எதுவும் சொல்லவில்லை. நான் மேலே சொன்னதிலும் ஒரு பகுதி அவர்களுக்குப் பொருந்தாது. பதினைந்தாம் மாடிக்குப் பொறிவண்டு வருவதை நம்பியிருக்க முடியாது. குழாயால் அடித்தால் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் தலையில் விழும். அவர்கள் சாடியின் மண் கொட்டாமல் அதன் வாயைப் பிளாஸ்ரிக் பையால் கட்டி, குளியலறைக்குக் கொண்டுபோய், செடியைச் சாய்த்துப் பிடித்துக் கழுவலாம். தொங்கும் கூடைகளில் பலர் வைக்கும் கலிப்ரகோவாவில் வாரத்துக்கு ஒருமுறை குருத்தின் அடியைப் பார்த்து, கண்டவுடன் ஈரத்துணியால் வழித்துவிட்டால் போதும். இலைப்பரப்புக் குறைந்த சாடிகளுக்குச் சவர்க்காரத் தெளிப்பும் ஏற்றதுதான், ஏனென்றால் எல்லாப் பூச்சியின்மேலும் படும்படி அடிக்க அங்கே முடியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுத்திருக்கக்கூடாது. பெற்றூனியா, சினியா போன்றவற்றில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, குருத்து நெளிந்து, பூவின் நிறம் கோடு கோடாகச் சிதைந்திருந்தால் அது வெள்ளரித் தேமல் நச்சுயிரியாக இருக்கலாம். அழுக்கணவன் ஒரு செடியில் வாயைக் குத்திப் பார்க்கும் சில நொடிகளிலேயே அந்த நோயை அடுத்த செடிக்குக் கடத்திவிடுவதால், அதை எந்தத் தெளிப்பாலும் தடுக்க முடியாது. அந்தச் செடியை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுவது தவிர வேறு வழி இல்லை.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் நான் கேட்பது இரண்டு. விக்ரோரியா தின நீண்ட வார இறுதிக்கு முன் வரும் இதழில், பத்து நாளுக்கொரு தெளிப்பு என்ற ஆலோசனையையும் ஊரிலிருந்து மருந்து எடுப்பிக்கும் வரியையும் திரும்பப் பெற்று, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். அதோடு பொறிவண்டுக் குஞ்சின் படம் ஒன்றை வண்ணத்தில், பெரிதாக, ‘இதைக் கொல்லாதீர்கள்’ என்ற குறிப்போடு அச்சிட வேண்டும். இக்கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட முடியும் என்றால், மார்ச் மாத யன்னல்படியைப் பற்றிய பகுதியை வரும் பெப்ரவரி இதழுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, சவர்க்காரத்தையும் சட்டத்தையும் பற்றிய பகுதிகளை இப்போதே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி,
ஸ்காபரோ